மறையூர்ச் சர்க்கரை

ஒரே சொல் எல்லைக் கோட்டின் இருபுறத்திலும் இருவேறு பொருள்களைக் குறிப்பதுண்டு. பாலக்காட்டுச் சித்தூர்ச் சந்தையில் மலையாளம் பேசும் ஒருவர் ‘சர்க்கர’ கேட்டால் கடைக்காரர் வெல்லத்தை எடுத்து வைப்பார். அதே கடையில் தமிழ் பேசும் மற்றொருவர் ‘சர்க்கரை’ கேட்டால் வெள்ளைச் சீனியை நிறுத்துக் கொடுப்பார். மலையாளத்தில் சீனிக்குப் பெயர் ‘பஞ்சசார’. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போருக்கு இது விளையாட்டல்ல. ஓர் அரசாங்கப் பிரசுரத்தில் இச்சொல் இடம் மாறி விழுந்தால், வெல்லத்துக்குச் சொன்ன விதி சீனிக்கும், சீனிக்குச் சொன்னது வெல்லத்துக்கும் போய்ச் சேரும். ஆங்கிலேயர் வழங்கும் ‘ஜாகரி’ என்ற சொல்லும் இம்மலையாளச் சொல்லிலிருந்து போர்த்துகீசியர் வாயிலாகச் சென்றதே. ‘ஷுகர்’ என்பதற்கும் மூலம் வடமொழியின் ‘சர்க்கரா’. ‘கேண்டி’ என்பதோ ‘கண்ட’ என்ற சொல்லின் வழிவந்தது. நமது கற்கண்டில் இருப்பதும் அதுவே. இனிப்புக்கு உலகம் வழங்கும் பெயர்களில் பல இந்நாட்டிலிருந்து சென்றவை. அப்பெயர்களுள் ஒன்றான ‘மறையூர்ச் சர்க்கரை’ இப்போது ஒரு வழக்குப் பொருளாகவே ஆகியிருக்கிறது. அதன் கதையையும் அதனுள் அடங்கிய விஞ்ஞானத்தையும் கிராமங்களில் பணிபுரியும் ஊழியர்களும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் பயன் தரும்.

மலைக்கு இப்பால் ஒரு மழைமறைவு நாடு

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் பாதை சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்தின் முட்காடுகளினூடே ஏறி மறையூரை அடைகிறது. கேரளம் என்றதும் ஓயாத மழையையும் தென்னையையும் நினைப்பவருக்கு இவ்விடம் வியப்பளிக்கும். மேற்கே மூணாறு மலைகள் தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தைப் பெரும்பாலும் பிழிந்துகொள்கின்றன. மறையூர்ப் பள்ளத்தாக்குக்கு எஞ்சுவது சொற்பமே. கேரளத்தின் 44 ஆறுகளில் கிழக்கு நோக்கிப் பாய்பவை கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்று மட்டுமே. அவற்றுள் பாம்பாறு இப்பள்ளத்தாக்கின் வழியே இறங்கி அமராவதியில் சேருகிறது. நீர் தமிழ்நாட்டை நோக்கி ஓடுவதைப் போலவே, இவ்வூர் மக்களின் பேச்சும் பெரிதும் தமிழாகவே இருக்கிறது.

மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களும் சேர்ந்து ‘அஞ்சுநாடு’ எனப்படும். தங்கள் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது இவ்வூரார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. பழைய திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்த இப்பகுதி 1956-ஆம் ஆண்டு மொழிவாரி மாநிலப் பிரிவினையின்போது கேரளத்திலேயே நின்றது. 1972-ல் இடுக்கி மாவட்டம் அமைந்தபோது அதன் கிழக்கு ஓரமாயிற்று. கற்காலத்தை நினைவூட்டும் ‘முனியறைகள்’ என்னும் கல்லறைகளும், கேரளத்தில் இயற்கையாகச் சந்தனம் வளரும் காடும் இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தவை. சந்தனத்துக்கு அடுத்தபடியாக அதன் பெயரை வெளியூருக்குக் கொண்டு சென்றது வெல்லமே.

கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம், குளிர்ந்த இரவு, வறண்ட காற்று, மலையோடைப் பாசனம் ஆகியவை ஒருங்கே அமைந்த இடம் இது. கரும்பின் தண்டில் இனிப்புத் திரள்வதற்குப் பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறி வருவது நன்று என்பதைக் கரும்பு ஆராய்ச்சியாளர் அறிவர். சமவெளியில் ஆலையாட்டம் சில மாதங்களுக்கே உரியது. மறையூரிலோ ஏறக்குறைய ஆண்டு முழுவதும் ஏதாவதொரு வயலின் ஓரத்தில் புகை எழுந்துகொண்டிருக்கும்.

கொட்டகைக்குள்

ஆலை என்றதும் உயர்ந்த புகைபோக்கியையும் இயந்திர வரிசையையும் எண்ணவேண்டியதில்லை. கரும்புத் தோகை வேய்ந்த கொட்டகை, ஒரு சாறு பிழியும் இயந்திரம், நிலத்தில் பதித்த அடுப்பு, அதன்மேல் அகன்ற கொப்பரை, மரத்தொட்டி ஒன்று, இவ்வளவே. வெட்டிய கரும்பைத் தாமதமின்றிப் பிழிந்து, வடிகட்டிய சாற்றைக் கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சுகின்றனர். சாறு சூடேறும்போது அழுக்கும் புரதப் பொருள்களும் திரண்டு நுரையாக மேலே மிதந்து வரும். அதனை நீண்ட காம்புள்ள வடிகரண்டியால் வாரி எறிகின்றனர். சேர்க்கப்படுவது சுண்ணாம்பு ஒன்றே. பல மணி நேரம் கொதித்துப் பாகு பதமடைந்ததும் மரத்தொட்டியில் சாய்த்துக் கிளறுகின்றனர். கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் உள்ளங்கையில் வைத்து உருட்டுகின்றனர். மறையூர் வெல்லத்தில் அச்சின் விளிம்புகளுக்குப் பதிலாக உருட்டிய கையின் விரல் தடமே பதிந்திருக்கும். அதன் நிறம் கரும்பழுப்பு.

எரிபொருள் கரும்பின் சக்கையே. இதிலே ஒரு கணக்கு இருக்கிறது. பள்ளியில் போட்டுப் பார்க்கத் தக்க கணக்கு. ஆயிரம் கிலோ சாற்றில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு திடப்பொருள் கரைந்திருப்பதாகக் கொள்வோம். அப்படியானால் அதில் 180 கிலோ திடப்பொருளும் 820 கிலோ நீரும் உண்டு. வெல்லத்தில் தங்கும் சிறிதளவு ஈரத்தைத் தவிர ஏனைய நீர் முழுவதையும் ஆவியாக்கியாக வேண்டும். ஆகவே வெல்லம் காய்ச்சுவது என்பது, வெப்பக் கணக்கின்படி பார்த்தால், ஏறத்தாழ எண்ணூறு கிலோ நீரைக் கொதிக்கவைத்து விரட்டுவதே. அடுப்பு செம்மையாக அமைந்து, சக்கையும் நன்கு உலர்ந்திருந்தால், அச்சாற்றைத் தந்த கரும்பின் சக்கையே இதற்குப் போதுமானதாகும். அடுப்பின் வாய் அகன்று வெப்பம் வெளியே வீணானால் விறகு தேடவேண்டி வரும். சுற்றிலும் காப்புக்காடும் சந்தன மரமும் உள்ள ஊரில் விறகு தேடுவது எத்தகைய தொல்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஊழியர்கள் விவசாயிக்குச் செய்யக்கூடிய உதவிகளில் அடுப்பைச் சீர்திருத்துவதற்கு நான் முதலிடம் கொடுப்பேன்.

சுண்ணாம்பு செய்யும் வேலை

புதிய கரும்புச் சாறு சற்றே புளிப்புத்தன்மை உடையது, அதன் பி.எச். எண் ஐந்துக்குச் சிறிது மேலே நிற்கும். சாற்றிலுள்ள முக்கிய இனிப்பு சுக்ரோஸ். அமிலமும் வெப்பமும் சேர்ந்தால் இந்த சுக்ரோஸ் நீருடன் கூடி, குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்ற இரு எளிய சர்க்கரைகளாகப் பிளவுபடுகிறது. நாவுக்கு இனிப்புக் குறையாது. ஆனால் வெல்லம் இறுகாது. இவ்விரண்டும், குறிப்பாக ஃப்ரக்டோஸ், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையவை. மழைக்காலத்தில் வெல்லம் கசிந்து சாக்கில் ஒட்டுவதற்கு இதுவே காரணம். கரும்பை வெட்டிப் போட்டு வைத்தாலும், அதன் உடலிலேயே உள்ள நொதிப் பொருள் இப்பிளவைத் தொடங்கிவிடுகிறது. வெட்டிய ஒரு நாளுக்குள் பிழியவேண்டும் என்று பெரியவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

சுண்ணாம்பு சாற்றின் புளிப்பை மாற்றி, பிளவைத் தடுக்கிறது. அழுக்கைத் திரட்டவும் உதவுகிறது. அளவு மிஞ்சினால் கேடு. அப்போது எளிய சர்க்கரைகள் சிதைந்து பாகு கறுத்துவிடும். சுவையிலும் கார்ப்பு ஏறும். எத்தனை சுண்ணாம்பு என்பதைக் கொப்பரைக்காரர் சாற்றின் நிறத்தையும் நுரையின் போக்கையும் கண்டு தீர்மானிக்கிறார். பி.எச். காகிதம் ஒன்று கையிலிருந்தால் புதிதாகத் தொழில் பழகுபவர் அதே முடிவுக்கு விரைவில் வரலாம். ஒரு கட்டுக் காகிதத்தின் விலை ஒரு கொப்பரை வெல்லத்தின் விலைக்கு ஈடாகாது.

இவ்விடத்தில் மிட்டாய்த் தொழிலை ஒப்பிட்டுப் பார்ப்பது விளக்கம் தரும். வெல்லம் என்பது நுண்ணிய சர்க்கரைப் படிகங்கள் கெட்டிப் பாகினால் பிணைக்கப்பட்ட ஒரு கட்டி. கற்கண்டு என்பது பாகைப் பல நாள் அசையாமல் வைத்து, நூலின்மேல் பெரிய படிகங்கள் மெதுவாக வளரும்படி விட்டது. கெட்டி மிட்டாயில் படிகமே கிடையாது. பாகை ஏறத்தாழ 150 டிகிரி சென்டிகிரேடு வரை காய்ச்சி விரைவாகக் குளிரவைக்கும்போது, மூலக்கூறுகள் வரிசைப்பட நேரமின்றி உறைந்துபோகின்றன. ஆகவே விஞ்ஞானிகள் அதனை ஒருவகைக் கண்ணாடி என்பர். படிகம் தோன்றாமல் தடுப்பதற்காக மிட்டாய் செய்வோர் குளுக்கோஸ் பாகைத் தாமே சேர்க்கின்றனர். வெல்லம் காய்ச்சுபவர் எதற்கு அஞ்சுகிறாரோ அதை மிட்டாய்க்காரர் விலை கொடுத்து வாங்குகிறார்! கடலூருக்கு அருகே நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியார் 1914-ல் தொடங்கிய மிட்டாய்த் தொழிற்சாலை இம்முறையில் வளர்ந்தது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குழந்தைகள் ‘பாரி மிட்டாய்’ என்றே கேட்டு வாங்கினர். 2004-ல் அத்தொழில் கொரியாவின் லோட்டே நிறுவனத்தின் கைக்கு மாறியபோது பெயரும் அதனுடன் சென்றது. கம்பெனியின் பெயர் ஒரு சொத்து. அதனை விற்கலாம், வாங்கலாம், வேறு யாரும் தொட்டால் வழக்கும் போடலாம். ஓர் ஊரின் பெயரோ நெடுங்காலம் எவருக்கும் சொந்தமில்லாத பெயராகவே இருந்தது. இச்செய்திக்குப் பின்னர் வருவோம்.

என் மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழை

பாகின் பதத்தை அறிவதுதான் இத்தொழிலின் உயிர்நிலை. கொப்பரைக்காரர் சிறிதளவு பாகைக் குளிர்ந்த நீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்க்கிறார். அது உருண்டு நின்றால் பதம், கரைந்தால் இன்னும் வேகவேண்டும், நொறுங்கினால் கைமீறிவிட்டது. நூல்களோ இப்பதத்தை உஷ்ணமானியின் எண்ணால் கூறும்: ஏறக்குறைய 118 டிகிரி சென்டிகிரேடு.

சில ஆண்டுகளுக்கு முன் வெல்லத் தயாரிப்பைப் பற்றிய துண்டுப்பிரசுரம் ஒன்றை நான் தமிழாக்கினேன். மூலத்தில் இருந்தபடியே 118 என்று எழுதினேன். அச்சிலும் அவ்வாறே வந்தது. மலைப்பகுதியில் பணிபுரியும் ஓர் ஊழியரிடமிருந்து சில வாரங்களில் கடிதம் வந்தது. பிரசுரத்தை நம்பி உஷ்ணமானியைக் கொப்பரையில் விட்டதாகவும், எண் 118-ஐ எட்டுவதற்கு முன்பே பாகு முறுகிக் கசந்து, உருண்டை பிடிக்க வராமற் போனதாகவும், கொப்பரைக்கு உரிய முதியவர் தம்மைப் பார்த்து ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டதாகவும் அவர் எழுதியிருந்தார். உஷ்ணமானி பழுதோ என்று கேட்டிருந்தார்.

உஷ்ணமானி பழுதன்று. உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கிறது. ஏறக்குறைய ஒவ்வொரு முந்நூறு மீட்டருக்கும் ஒரு டிகிரி இறங்கும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் நீர் கொதிப்பது 97 டிகிரிக்குச் சற்றுக் கீழே. வெல்லப் பதத்தின் உண்மையான அடையாளம் 118 என்ற எண்ணன்று. நீர் கொதிக்கும் நிலைக்கு மேலே பதினெட்டு டிகிரி என்பதே அது. சமவெளியில் 118, மறையூரின் உயரத்தில் ஏறத்தாழ 115. இந்த மூன்று டிகிரியில் ஒரு கொப்பரை கெட்டுவிடும். நீரில் விட்டுப் பார்க்கும் முதியவரின் முறைக்கு இத்தொல்லை இல்லை. பாகின் கெட்டித்தன்மையை அவர் நேராகவே சோதிக்கிறார், காற்றழுத்தம் அவரை ஏமாற்றுவதில்லை.

ஆகவே உஷ்ணமானியைப் பயன்படுத்துவோர் முதலில் அதே கொட்டகையில் வெறும் நீரைக் கொதிக்கவைத்து, அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அதனுடன் 18-ஐக் கூட்டிக்கொள்ளவேண்டும். இதை அவருக்குப் பதிலாக எழுதினேன். பிரசுரத்தின் அடுத்த பதிப்பிலும் திருத்தினேன். முன்னமே ஒரு நாள் மலைமேலே சென்று கொப்பரையின் அருகில் நின்றிருந்தால் அப்பிழை நேர்ந்திராது.

நிறத்தின் கொடுமை

சந்தையில் வாங்குவோர் வெல்லத்தைக் கண்ணால்தான் முதலில் சுவைக்கின்றனர். பொன்னிறமான வெல்லத்துக்கு விலை அதிகம், கறுத்ததற்குக் குறைவு. கரும்புச் சாற்றில் உள்ள பினாலிகப் பொருள்களும் இரும்பும் சேர்ந்து நிறத்தைத் தருகின்றன. கொதிக்கும்போது சர்க்கரையும் புரதக் கூறுகளும் வினைபுரிந்து அதனை மேலும் ஆழமாக்குகின்றன. இயல்பாகவே பழுப்பாக வரவேண்டிய பொருளைப் பொன்னிறமாக்க, வணிகர் ‘ஹைட்ரோஸ்’ என்று வழங்கும் சோடியம் ஹைட்ரோசல்பைட் தூவப்படுகிறது. பாகு உடனே வெளுக்கும். ஆனால் கந்தக டையாக்சைடு வெல்லத்தில் எஞ்சி நிற்கும். சில மாதங்களில் நிறமும் திரும்பிக் கறுத்துவிடும். இதற்கு மாற்றாக வெண்டைச் செடியின் தண்டிலிருந்து எடுக்கும் வழவழப்பான சாற்றைப் பயன்படுத்தி அழுக்கைத் திரட்டும் பழைய முறையை ஆராய்ச்சி நிலையங்கள் பரிந்துரைத்து வருகின்றன.

மறையூர் வெல்லம் இந்நிறப் போட்டியில் கலந்துகொள்ளவில்லை. நெடுங்காலம் அதன் கரும்பழுப்பு ஒரு குறையாகவே கருதப்பட்டிருக்கும். ரசாயனப் பொருள்களைக் குறித்து மக்களிடையே அச்சம் பரவிய பின்னரே அதுவே அடையாளமாயிற்று. இரும்புச் சத்து மிகுதி, சோடியம் குறைவு என்பனவும் அதன் சிறப்புகளாகக் கூறப்படுகின்றன. எனினும் ஆசிரியர்கள் இங்கே சிறிது எச்சரிக்கையுடன் பேசவேண்டும். வெல்லத்தில் மொத்தச் சர்க்கரை நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறையக்கூடாது என்பது நம் நாட்டு உணவுத் தர விதி. ஆகவே எவ்வளவு சிறந்த வெல்லமும் பெரும்பகுதி சர்க்கரையே. நீரிழிவு நோயாளிக்கு அது மருந்தன்று. ஒரு சிறு துண்டில் கிடைக்கும் இரும்பைவிட ஒரு கைப்பிடிக் கீரையும் பயறும் வழங்குவது மேலானது.

சித்தூரின் அனுபவம்

சிறு கொட்டகைகளை ஒழித்துப் பெரிய ஆலை அமைத்தால் என்ன என்று கேட்போர் உண்டு. அதற்கு விடை பாலக்காட்டு எல்லையில் கிடைக்கிறது. சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டெல்லையை ஒட்டிய மேனோன்பாறையில், கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஒன்று இயங்கி வந்தது. பெரிய ஆலைக்கு நாள் தவறாமல் கரும்பு வேண்டும்; கரும்புக்கு நாள் தவறாமல் நீர் வேண்டும். சித்தூர்ப் பகுதியின் நீர், மலைக்கு அப்பாலுள்ள பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தைச் சார்ந்தது. 1970-ல் இரு மாநிலங்களும் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்படி, சித்தூர்ப் புழைக்கு மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 ஆயிரம் மில்லியன் கன அடி நீர் விடப்படவேண்டும். வறண்ட ஆண்டுகளில் அந்நீரைப் பற்றிய வாக்குவாதம் இன்றும் செய்தித்தாள்களில் வருகிறது. கரும்பு குறைந்தது, நஷ்டம் ஏறியது, ஆலை நின்றது. பின்னர் அவ்வளாகம் மாநில அரசின் மலபார் டிஸ்டில்லரீஸ் நிறுவனத்துக்குச் சென்றது. சித்தூரின் பனைகளோ கள்ளுக்கே பெரிதும் பயன்படுகின்றன. பனைவெல்லம் பெரிய தொழிலாக அங்கே வளரவில்லை.

மறையூரில் ஓடையில் நீர் குறைந்தால் ஒரு கொட்டகை ஒரு மாதம் ஓய்கிறது, அவ்வளவே. பெரிய ஆலை அவ்வாறு ஓய்ந்தால் மீண்டும் எழுவதில்லை. எனினும் சிறு கொட்டகை என்றும் நிலைக்கும் என்று எண்ணிவிடவும் கூடாது. உருட்டும் கைகளுக்குக் கூலி ஏறியிருக்கிறது, தொழிலறிந்தவர் குறைந்திருக்கின்றனர், காட்டு யானைகள் கரும்பு வயலை நாடி இறங்குகின்றன. வேறு பயிருக்கு மாறுவோரும் உண்டு.

கரும்பினத்தைப் பொறுத்தவரை இவ்வெல்லைப்புறத்துக்கு வாய்த்த அண்டைவீடு சாமானியமானதன்று. 1912-ல் கோயம்புத்தூரில் நிறுவப்பட்ட கரும்பு இன விருத்தி நிலையத்தில், பார்பர் துரையும் வெங்கட்ராமனும் நாட்டுக் கரும்பைக் காட்டு நாணலுடன் கலந்து உண்டாக்கிய ‘கோ 205’ என்ற இனம் 1918-ல் வெளியாயிற்று. உலகில் வணிகத்துக்கு வந்த முதல் இத்தகைய கலப்பினம் அதுவே. தலைச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள் 1930-களில் அங்கே பணிபுரிந்தார். அந்நிலையத்தின் கிளை ஒன்று பாலக்காடு மாவட்டத்தின் அகழியில், பவானி பாயும் அட்டப்பாடி மலையில், இருக்கிறது. கரும்பு அங்கே இயற்கையாகப் பூத்து விதை கட்டுவதால் கலப்புக்கு ஏற்ற இடமாயிற்று. உலகக் கரும்பினங்களின் பெருந்திரட்டு கண்ணூர்க் கிளையில் காக்கப்படுகிறது. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திருவல்லா நிலையம் ‘மதுரி’, ‘திருமதுரம்’ முதலிய இனங்களைத் தந்திருக்கிறது. வெல்லத்துக்கு எந்த இனம் ஏற்றது என்பதை விளைச்சல் ஒன்றைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. சாற்றின் தூய்மையும் நிறமும் வெல்லம் இறுகும் தன்மையுமே முக்கியம். விவசாயி ஏக்கருக்கு எத்தனை டன் என்று கேட்பார். ஊழியர் கொப்பரைக்கு எத்தனை கிலோ என்பதையும் சேர்த்துச் சொல்லப் பழகவேண்டும்.

பெயர் யாருக்குச் சொந்தம்?

ஊரின் பெயரைச் சட்டம் காக்கத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல் நிறைவேறி, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் பதிவகம் சென்னையில் உள்ளது. மத்திய திருவிதாங்கூர் வெல்லம் முன்னரே பதிவு பெற்றது. கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் மறையூர் வெல்லம் 2019-ல் பதிவாயிற்று. அதே ஆண்டில் பழனிப் பஞ்சாமிர்தமும், 2020-ல் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் பதிவு பெற்றன. மறையூர், காந்தளூர்ப் பஞ்சாயத்துகளின் எல்லைக்குள் விளைந்த கரும்பில், அங்கே வழங்கும் முறைப்படி காய்ச்சிய வெல்லமே அப்பெயரில் விற்கப்படலாம்.

ஆனால் வெளியே செய்யப்பட்ட வெல்லம் மலையேறி வந்து அதே பெயரில் விற்பனையாகிறது என்பது உற்பத்தியாளர்களின் நீண்டநாள் முறையீடு. மூணாறு செல்லும் பயணி சாலையோரக் கடையில் நின்று, கறுத்த உருண்டையைக் கண்டு, விலை மலிவு என்று வாங்கிச் செல்கிறார். கறுப்பு நிறம் மட்டும் போலிக்குத் தடையாகாது. பழைய வெல்லத்தை மீண்டும் உருக்கினாலும் கறுக்கும். போலி மலிவாக விற்கும்போது உண்மையானது அதன் விலைக்கே இறங்கவேண்டி வருகிறது. அவ்விலையில் கூலி கட்டாது. அடுத்த ஆண்டு அவ்வயலில் கரும்பு இராது.

இங்கே ரசாயனச் சோதனை ஓரளவே துணை செய்யும். கந்தகப் பொருள் கலந்திருப்பதைக் கண்டுகொள்ளலாம். மலிவான சீனி சேர்த்திருந்தால் சாம்பல் சத்துக் குறைவதைக் கொண்டு ஐயுறலாம். ஆனால் ஒரு நேர்மையான வெல்லம் மலைக்கு மேலே காய்ச்சப்பட்டதா, கீழே காய்ச்சப்பட்டதா என்பதைச் சாதாரணச் சோதனைக்குழாய் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது கணக்கேடு ஒன்றே. எந்த வயல், என்றைக்கு வெட்டியது, எந்தக் கொட்டகை, எத்தனை கொப்பரை, எத்தனை கிலோ என்ற ஐந்து விவரங்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்தால், ஊரின் மொத்த விளைச்சலும் சந்தையில் அப்பெயரில் விற்பதும் பொருந்துகின்றனவா என்று பார்க்க முடியும். சட்டத்தின்கீழ் ஒவ்வொரு உற்பத்தியாளரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ளவும் வழி உண்டு. ஊரின் பெயர் பதிவானதும் தன் பெயரும் பதிவாகிவிட்டது என்று எண்ணியிருக்கும் விவசாயி இருக்கக்கூடும். அவருக்கு அந்தப் படிவத்தை நிரப்பித் தருவது ஊழியரின் அரை நாள் வேலை. குறியீட்டின் பதிவு பத்து ஆண்டுகளுக்கே செல்லும், பின்னர் புதுப்பிக்கவேண்டும் என்பதையும் சங்கத்தாருக்கு நினைவூட்டுதல் நன்று.

பள்ளியில் செய்து காட்டத்தக்க சோதனைகள் சில உண்டு. வெல்லத்தை நீரில் கரைத்து வைத்தால் மணலும் சக்கைத் தூளும் அடியில் தங்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளி விட்டு நுரைத்தால் சுண்ணக்கட்டித் தூளோ சலவைச் சோடாவோ கலந்திருக்கலாம். கரைசலை அமிலமிட்டு இளஞ்சூடாக்கி, அமிலமிட்ட பொட்டாசியம் டைகுரோமேட் தோய்த்த காகிதத்தை வாயருகே பிடித்தால், கந்தக டையாக்சைடு மிகுதியாக இருக்குமானால் காகிதம் பச்சையாகும். இக்கடைசிச் சோதனையை மாணவர் கையில் கொடாமல் ஆசிரியரே செய்து காட்டவேண்டும். கடையில் வாங்கிய பொன்னிற வெல்லம் ஒன்றையும், கரும்பழுப்பு வெல்லம் ஒன்றையும் ஒரே நேரத்தில் வைத்துச் செய்வது நல்லது. சோதனைக்கு வாங்கிய உருண்டையை ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் மூடி வைக்காவிட்டால் அடுத்த மழைக்குள் அது கசிந்து, மறு வகுப்புக்கு உதவாமற் போகும்.